வழிப்போக்கனின் கடன்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து கல்லாற்றை அடைந்ததும் அது மலையேறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பின், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், மூடுபனி தவழும் புல்வெளி விரிகிறது. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் பந்தயங்கள் இந்தப் பொன்முடியில்தான் நடைபெற்றன. பல நாட்டு வீரர்கள் வந்து, வேகத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முயன்றார்கள்.

மிதிவண்டியில் வேறொரு வகைப் பயணமும் உண்டு. அதில் முந்துவதற்கு எவருமில்லை; குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அத்தகைய பயணத்தை விரும்புபவர் விடியுமுன் நகரத்தைவிட்டுப் புறப்படுகிறார். நெடுமங்காட்டுக்கு அப்பால் பேருந்துச் சாலையிலிருந்து விலகி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் கிராம வழிகளில் புகுகிறார். இருமருங்கும் பாசி படிந்த செம்புரைக்கல் மதில்கள். அவற்றுக்கு அப்பால் பலாவும், கமுகும், மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக் கொடியும், சரிவுகளில் மரச்சீனியும். ரப்பர் மரங்களில் பால்வெட்டும் தொழிலாளியின் நெற்றி விளக்கு இருளில் மரத்துக்கு மரம் நகர்ந்து செல்கிறது. ஓசையே இல்லாத இடம் என்று இதைச் சொல்ல இயலாது. கோயில் சங்கும், தேவாலய மணியும், பாங்கொலியும், கிணற்றில் வாளி இறங்கும் சத்தமும் அங்கே உண்டு. இயந்திர இரைச்சல் விலகியிருப்பதால் இவை தனித்தனியே காதில் விழுகின்றன. அவ்வளவுதான்.

இந்தப் பயணத்தின் நன்மைகளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. உடல் ஒரே தாளத்தில் உழைக்கிறது; மூச்சு சீராகிறது; அலைபாயும் மனம் மெல்ல அடங்குகிறது. ஜபமாலையை உருட்டிப் பழகியவர்களுக்கு இந்த அனுபவம் எளிதில் புரியும். மேலும் மிதிவண்டி புகை கக்குவதில்லை. ஒலிப்பானை அலறவிட்டுப் பறவைகளை விரட்டுவதில்லை. எவரையும் வழியிலிருந்து ஒதுங்கச் சொல்வதில்லை. ஆகவே அதில் செல்பவர், 'எவருக்கும் எந்தத் தீங்கும் செய்யாமல் இந்த அமைதியை அனுபவிக்கிறேன்' என்று நிறைவு கொள்வது இயல்பு.

அந்த நிறைவில் ஒரு தத்துவக் கேள்வி மறைந்திருக்கிறது. தீங்கு செய்யாதிருந்தால் மட்டும் கடன் தீர்ந்துவிடுமா?

அஹிம்சையின் பெருமையைக் குறைப்பதற்காக இந்தக் கேள்வி எழவில்லை. அஹிம்சை, 'இனி நீ எதைச் செய்யக்கூடாது' என்று கூறுகிறது. இந்திய மரபில் அதற்கு இணையாக மற்றொரு கருத்தும் உண்டு. அது 'ருணம்', அதாவது கடன். மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்கிறது வேதம்; சக மனிதர்களுக்குப் பட்ட கடனையும் இவற்றோடு சேர்த்துச் சொல்வதுண்டு. நீ செய்யப்போவதைப் பற்றி ருணம் பேசுவதில்லை. நீ ஏற்கெனவே பெற்றுக்கொண்டதைப் பற்றியே அது பேசுகிறது. தீங்கு செய்யாதவனும் கடனாளியாக இருக்கக்கூடும்.

அப்படியானால் அமைதியான கிராம வழியில் மிதிவண்டி ஓட்டுபவர் பெற்றுக்கொண்டது எது?

முதலில் அந்த அமைதியையே எடுத்துக்கொள்ளலாம். பேருந்து வராத வழி பயணிக்கு இனிக்கிறது. அதே வழியில் வசிக்கும் கர்ப்பிணிக்கும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும், வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய முதியவருக்கும் பேருந்து வராமை ஓர் அமைதியாகத் தோன்றுமா? இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர் 1974இல் வெளிவந்த 'ஆற்றலும் சமத்துவமும்' என்ற நூலில் வேகத்தைப் பற்றி ஆராய்ந்தார். ஓர் அளவுக்கு மேற்பட்ட வேகம், சிலருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பலருடைய நேரத்தைப் பறித்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். நடப்பவனைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாகச் சென்றும் அவனைவிடக் குறைந்த ஆற்றலையே செலவிடும் மிதிவண்டியை அவர் மிகவும் பாராட்டினார். அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால் நகரத்தில் காரையும் ரயிலையும் பயன்படுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிதிவண்டியேறி வருபவர், 'இந்தக் கிராமம் இப்படியே இருக்கட்டும்' என்று விரும்புவாரானால், அது இல்லிச்சின் சமத்துவம் ஆகாது. பிறருடைய வசதிக்குறைவைத் தம் ஓய்வுக்குரிய காட்சியாக்கிக்கொள்வதே ஆகும். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஊரில் வாழ்பவர்களுடையது.

இரண்டாவது கடன் இன்னும் ஆழமானது. அது அந்த வழியின் வரலாற்றில் புதைந்து கிடக்கிறது.

நெடுமங்காட்டில், 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியோடு தொடர்புடைய கோயிக்கல் அரண்மனை இருக்கிறது. நாலுகெட்டு முறையில் அமைந்த அந்த மாளிகை இன்று நாட்டார் கலைப்பொருள்களையும் பழங்காசுகளையும் பாதுகாக்கும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. பயணிகள் பலர் மிதிவண்டியை வெளியே சாய்த்துவிட்டு அதைப் பார்த்துச் செல்கிறார்கள். அதே ஊரின் சந்தையைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தச் சந்தைக்குள் நுழைந்து வாங்கவும் விற்கவும் ஒரு காலத்தில் தடை இருந்தது. அந்தத் தடையை எதிர்த்து அங்கே போராட்டம் நடத்தியவர் அய்யங்காளி.

அய்யங்காளி 1863இல் திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள வெங்கானூரில் புலையர் குலத்தில் பிறந்தார். அக்காலத்தில் அம்மக்கள் பொது வழிகளில் நடப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. சட்டம் என்ன கூறியது என்பதைக் கேட்டால் வியப்பு உண்டாகும். பொதுச் சாலைகள் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865இலேயே அறிவித்துவிட்டது. 1884இல் அதை மீண்டும் உறுதி செய்தது. ஆனால் விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, சாலைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. அரசாணை குறிப்பிடும் வழிகள் 'ராஜவீதிகள்' மட்டுமே. 'கிராமவீதிகள்' அதில் அடங்கா என்று தீர்ப்பாயிற்று. பெருஞ்சாலை திறந்தது, ஊருக்குள் செல்லும் சிறு வழி மூடியே கிடந்தது.

வண்டிகளின் நெரிசல் இல்லாத வழிகளைத் தேடும் இன்றைய மிதிவண்டிப் பயணி விரும்பிச் செல்வது எந்த வீதியில்? ராஜவீதியை அவர் தவிர்க்கிறார். வளைந்து நெளிந்து, கோயிலையும் குளத்தையும் ஒட்டிச் செல்லும் கிராமவீதியே அவருக்கு வேண்டும். நீதிமன்றம் அன்று ஒதுக்கி வைத்த அதே வீதி!

1893இல் அய்யங்காளி ஒரு வில்வண்டியை வாங்கினார். வெண்ணிறக் காளைகளைப் பூட்டி, அவற்றின் கழுத்தில் மணிகளைக் கட்டி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து பொது வழியில் வண்டியைச் செலுத்தினார். வண்டியும், வெண்ணிற ஆடையும், தலைப்பாகையும், அந்த வழியுமே அவருக்கு மறுக்கப்பட்டிருந்தவை. எதிர்த்தவர்களை அவர் அஞ்சாமல் எதிர்கொண்டார். பின்னர் அவரும் அவருடைய தோழர்களும் நடந்தே சென்று வழியுரிமையை நிலைநாட்ட முற்பட்டபோது, பாலராமபுரத்தின் சாலியர் தெருவில் பெரும் மோதல் வெடித்தது. பாலராமவர்ம மகாராஜாவின் காலத்தில் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட நெசவாளர்கள் குடியேறிய தெரு அது. அங்கே குழித்தறிகளின் ஓசை இன்றும் கேட்கிறது. கைத்தறியின் புகழுக்காக அங்கு செல்பவர்கள், அந்தத் தெருவில் சிந்திய இரத்தத்தையும் அறிந்திருப்பது நல்லது.

அய்யங்காளியின் வண்டிக்குப் பின்னும் பாதை நீண்டதாகவே இருந்தது. 1924 மார்ச்சில் தொடங்கி 1925 நவம்பர் வரை நடந்த வைக்கம் சத்தியாகிரகத்தின் கோரிக்கை கோயிலுக்குள் நுழைவது கூட அன்று. கோயிலைச் சுற்றியுள்ள வழிகளில் நடப்பது மட்டுமே. தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ. ராமசாமி உள்ளிட்டோர் சென்று அதற்காகச் சிறை புகுந்தார்கள். ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியாயிற்று. இன்று எவரும் தம் குலத்தைக் கூறாமல் அந்த வழிகளில் மிதிவண்டியைச் செலுத்த முடிகிறது என்றால், அதற்கான விலையை வேறு சிலர் முன்பே கொடுத்துவிட்டார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'கொடுத்தவர்கள் மறைந்துவிட்டார்கள். அவர்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? இப்படி எல்லாவற்றையும் கடனாக எண்ணத் தொடங்கினால், காற்று வாங்கப் போவதும் பாரமாகிவிடாதா?'

ருணத்தைப் பற்றிய பழைய விளக்கமே இதற்குப் பதில் தருகிறது. முன்னோர்களுக்குப் பட்ட கடனை முன்னோர்களிடம் செலுத்துவதில்லை. அடுத்த தலைமுறையைப் பேணுவதன் மூலம் செலுத்துகிறோம். ரிஷிகளுக்குப் பட்ட கடன், அவர்கள் விட்டுச் சென்றதைக் கற்பதால் தீர்கிறது. அதாவது கடன் பின்னோக்கிச் செல்வதில்லை, முன்னோக்கிக் கைமாறுகிறது. கற்றலே ஒரு கடன்தீர்ப்பு என்னும் இந்தக் கருத்து ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. ஒரு வழியின் வரலாற்றை அறிந்துகொண்டு அதில் செல்வது, வழி திறந்தவர்களுக்குச் செய்யும் ரிஷிகடன் போன்றது. அடுத்து வருபவருக்கும் அந்த வழி மூடப்படாமல் பார்த்துக்கொள்வது பித்ருகடன் போன்றது. பாரம் என்ற சொல் வந்ததால் ஒன்றைக் குறிப்பிடலாம். தென்திருவிதாங்கூரிலும் தமிழ்நாட்டிலும் பழைய வழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் எவருடைய உதவியும் இன்றி அதன்மேல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக இக்கற்களை நடும் வழக்கம் தமிழர்களிடையே உண்டு. இறக்கி வைக்க முடியாமற்போன ஒரு சுமைக்காக, முகம் தெரியாத வழிப்போக்கர்களின் சுமைகளை எல்லாம் அந்தக் கல் தாங்குகிறது. துயரம் கொண்ட குடும்பம் ஒன்று தன் துயரை இப்படி முன்னோக்கிக் கைமாற்றியது. சாலைகளை அகலப்படுத்தும்போது இக்கற்கள் பல இடங்களில் பிடுங்கி எறியப்படுவது வருந்தத்தக்கது.

சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், வழியம்பலம் இவை எல்லாம் உபசரிப்பவரின் தர்மத்தைச் சொல்கின்றன. அதிதியைத் தேவனாகக் கருத வேண்டும் என்று இல்லறத்தாருக்கு உபதேசிக்காத நூல் இல்லை. வருகிற அதிதி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அதைப் பற்றிய விதிகள் இல்லறத்தாருக்குரிய பகுதிகளைவிடத் துறவிகளுக்குரிய பகுதிகளில்தான் விரிவாக உள்ளன. அது இயல்பே; வழியிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள்தாம்.

கிராமத்தில் ஓர் இரவு, நகரத்தில் ஐந்து இரவு, அதற்குமேல் தங்கலாகாது என்பது பரிவ்ராஜகத் துறவிக்குரிய விதிகளில் ஒன்று. பற்று வளராமலிருக்க இந்த விதி என்று பொதுவாகக் கூறுவார்கள். ஏழைக் கிராமத்தின் பானையில் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது. மாதுகரி பிக்ஷை என்பது வண்டு பல மலர்களிலிருந்து துளித் துளியாகத் தேனெடுப்பது போல, எந்த வீட்டுக்கும் சுமையாகாமல் உணவு பெறும் முறை. புத்தர் தம் பிக்ஷுக்களுக்கு மழைக்கால உறைவிடத்தை விதித்ததன் காரணமும் கருதத்தக்கது. மழைக்காலத்தில் பிக்ஷுக்கள் அலைந்து திரிந்து இளம் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறை கூறினார்கள். அந்தக் குறையை ஏற்று, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும்படி அவர் கட்டளையிட்டார். ஆன்மிகப் பயணமே ஆனாலும், வழியில் வாழ்பவர்களின் முறையீட்டுக்கு அது கட்டுப்பட்டது! தென்மேற்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும் மலையடிவார மண்பாதைகளில் சக்கரங்களை ஓட்டிப் பள்ளம் பறிப்பவர்கள் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம்.

ஜெர்மானிய தத்துவ அறிஞர் கான்ட் 1795இல் எழுதிய 'நிலையான அமைதி' பற்றிய நூலில், அந்நியனுக்குள்ள உரிமையை வருகையின் அளவோடு நிறுத்தினார். பூமியின் பரப்பு அனைவருக்கும் பொது என்பதால் எவரும் எங்கும் போகலாம். பகைவனாக நடத்தப்படாதிருக்க அவருக்கு உரிமை உண்டு. விருந்தினனாகத் தங்கும் உரிமை அதில் அடங்காது. அது வீட்டாரின் மனம் சார்ந்தது. உரிமையின் எல்லையைக் கான்ட் மிகத் தெளிவாக வரைந்தார். துறவிகளின் விதிகளோ அந்த எல்லைக்குள் எப்படி நடப்பது என்பதைக் கற்பிக்கின்றன.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் கொச்சிப் பகுதியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தார். பேராசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். அவருக்குத் துணையாகக் கொச்சி சமஸ்தானத்தின் முகமதியச் சேவகர் ஒருவர் வந்திருந்தார். முந்தைய இரண்டு நாள்களில் சுவாமிஜி சிறிது பால் தவிர எதுவும் உட்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் வீட்டை அடைந்ததும் தமக்காக எதையும் கேட்கவில்லை. உடன் வந்தவருக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும்படிதான் முதலில் கேட்டுக்கொண்டார். அந்தச் சேவகர் உண்ட பிறகே தம்மைப் பற்றி நினைத்தார். ஐயர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இது பதிவாகியுள்ளது. சுவாமிஜி அங்கே நிகழ்த்திய உரையாடல்களைப் பெரிதாகப் போற்றுகிறோம். வாசலில் நின்று அவர் கேட்ட இந்த ஒன்றும் அவற்றுக்குக் குறைந்ததன்று. மறு ஆண்டில்தான், அதே நகரத்திலிருந்து சில மைல் தொலைவில், அய்யங்காளியின் வில்வண்டி புறப்பட்டது. எங்கிருந்தோ வந்த துறவிக்குக் கதவுகள் திறந்தன. அந்த மண்ணிலேயே பிறந்தவருக்கு வழியும் திறக்கவில்லை. தென்னாட்டில் கண்ட சாதிக் கொடுமையைச் சுவாமிஜி பின்னர் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

இனி, காட்டைப் பற்றி. விதுராவுக்கு அப்பால் ஊர்கள் குறைந்து அகத்தியமலைக் காடுகள் தொடங்குகின்றன. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியகூடத்தின் அடிவாரத்தில் காணிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 1987இல் இந்தக் காட்டுக்குள் பயணம் செய்தார்கள். மலையேற்றத்தில் அவர்கள் களைத்துப் போனபோது, வழிகாட்டிய காணிகள் மட்டும் சோர்வின்றி நடந்தார்கள். இடையிடையே ஏதோ ஒரு சிறு பழத்தை அவர்கள் மென்றுகொண்டிருந்தார்கள். களைத்தவர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். களைப்பு நீங்கியது. அது எந்தச் செடி என்று கேட்டபோது வழிகாட்டிகள் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத அறிவு அது. வற்புறுத்திக் கேட்ட பிறகே 'ஆரோக்கியபச்சை' என்னும் அந்தச் செடியைக் காட்டினார்கள்.

ஆய்வுக்குப் பின் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமை கோவை ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் அளிக்கப்பட்டது. அந்த வருவாயில் சரிபாதி காணிகளுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. அதைப் பெறுவதற்காக 1997இல் காணிகளின் நல அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கை அளித்த முன்னோடிச் செயல் என்று உலக அரங்குகளில் இது எடுத்துக்காட்டப்பட்டது. பெற்றதைப் பெற்றதாக ஒப்புக்கொண்ட வழிப்போக்கர்களின் செயல் என்ற அளவில் இது போற்றுதற்குரியதே. ஒன்றும் தராமல் காட்டிலிருந்து எடுத்துச் சென்றவர்களின் பட்டியல் மிக நீளமானது.

ஆயினும் காணிகள் எல்லோரும் ஒரே மனத்தோடு இதை ஏற்கவில்லை. சில பகுதிகளின் பாரம்பரிய வைத்தியர்கள், தங்கள் குலத்தின் அறிவு விலைபோனதை எதிர்த்தார்கள். களைத்தவனுக்குக் கொடுத்த பழம் ஓர் உபசாரம். அந்த உபசாரத்துக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் அது ஈடாகுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. தொகை இல்லாமல் போயிருந்தால் அநீதி இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்பதும் உண்மை. வழிகாட்டிகள் பழத்தைக் கொடுக்கத் தயங்கவில்லை. செடியைக் காட்டத்தான் தயங்கினார்கள். ஊருக்குள் மிதிவண்டியில் நுழையும் பயணி தண்ணீர் கேட்கலாம், வழி கேட்கலாம். இரண்டும் அவருக்கு மகிழ்ச்சியோடு கிடைக்கும். புகைப்படக் கருவியை உயர்த்தும்போதும், வேலிக்கு அப்பாலுள்ள சர்ப்பக்காவுக்குள் எட்டிப் பார்க்கும்போதும், எதிரில் நிற்பவரின் முகத்தில் அதே தயக்கம் ஒரு கணம் தோன்றி மறைவதுண்டு. விரைந்து செல்லும் காரில் இருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. மிதிவண்டியில் செல்பவருக்குத் தெரியும்.